கணக்கை முடித்த பேரரசு – 14: இரண்டு மாத வாக்கு

1967 நவம்பர். பாரசீக வளைகுடாவின் கரையோரச் சிற்றரசுகளுக்கு லண்டனிலிருந்து ஓர் அமைச்சர் வந்தார். பெயர் கோரன்வி ராபர்ட்ஸ். வெளியுறவுத் துறையின் இணை அமைச்சர். ஏடனை விட்டுப் பிரிட்டிஷ் படை மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஏடனுக்கு வந்தது நாளை நமக்கும் வருமோ என்ற கவலை பஹ்ரைனிலும் அபுதாபியிலும் துபாயிலும் இருந்த ஷேக்குகளைப் பிடித்திருந்தது. அந்தக் கவலையைத் தீர்க்கவே ராபர்ட்ஸ் வந்தார். பிரிட்டன் எங்கும் போகாது, தேவைப்படும் வரை இங்கேதான் இருக்கும் என்று ஒவ்வோர் அரசரிடமும் உறுதி சொல்லிவிட்டு ஊர் திரும்பினார்.

1968 ஜனவரி இரண்டாம் வாரம். அதே ராபர்ட்ஸ், அதே ஷேக்குகளின் முன்னால் மறுபடியும் வந்து உட்கார்ந்தார். கிளம்புகிறோம் என்றார்.

இடையில் கழிந்தது இரண்டே மாதம். லண்டனில் ஆட்சி மாறவில்லை. வளைகுடாவில் போர் மூளவில்லை. எந்த ஷேக்கும் ஒப்பந்தத்தை மீறவில்லை. பவுண்டின் மதிப்பு மட்டும் இறங்கியிருந்தது.

சென்ற இதழில் திருகோணமலையைப் பார்த்தோம். பண்டாரநாயக்க அரசு கேட்டதால் 1957 அக்டோபரில் பிரிட்டன் அந்தத் துறைமுகத்தை ஒப்படைத்தது. அங்கே வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார், குடியிருந்தவர் போனார். இந்த இதழின் கதை நேர்மாறானது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வீட்டுக்காரர்கள் இருங்கள் இருங்கள் என்று கெஞ்சினார்கள். குடியிருந்தவர்தான் வாடகை கொடுக்க முடியாமல் கிளம்பினார்.

1964 அக்டோபரில் ஹெரால்டு வில்சன் பிரதமரானபோது அவர் மேஜைக்கு வந்த முதல் கணக்கே பயமுறுத்தியது. அந்நியச் செலாவணிக் கணக்கில் துண்டு விழும் தொகை சுமார் 80 கோடி பவுண்டு. இந்த நிலையில் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 7 சதவீதம் ராணுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஜெர்மனியில் ரைன் நதிக்கரைப் படை. மத்தியதரைக் கடலில் மால்டாவும் சைப்ரஸும். ஏடன், பஹ்ரைன், சிங்கப்பூர், ஹாங்காங். நேட்டோவில் உறுப்பினர், சென்டோவில் உறுப்பினர், சீட்டோவில் உறுப்பினர். 1957-ல் மலாயாவோடு போட்ட தனிப் பாதுகாப்பு ஒப்பந்தம் 1963-ல் மலேசியா முழுமைக்கும் விரிந்திருந்தது. கட்டாய ராணுவச் சேவையை நிறுத்த 1957-லேயே முடிவெடுத்துவிட்டார்கள். ஆள் குறைந்தது. கொடுத்த வாக்குகள் குறையவில்லை.

வில்சனுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. வாசகர்கள் 1951-ஐ ஒரு நிமிடம் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் நெருக்குதலில் மூன்றாண்டில் 470 கோடி பவுண்டு ராணுவத்துக்குச் செலவிட அட்லி அரசு ஒப்புக்கொண்டது. அதற்காக நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல், இலவசமாக இருந்த பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பாதிக் கட்டணம் விதித்தார். இலவச மருத்துவத்தை உருவாக்கிய அனியுரின் பெவன் பதவியைத் தூக்கியெறிந்தார். மறுநாள் அவரோடு விலகிய இளம் அமைச்சர்தான் வில்சன். அவ்வளவு பெரிய ராணுவத் திட்டத்தை நாடு தாங்காது என்பது அவருடைய வாதம். அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த சர்ச்சிலும் அந்தத் திட்டத்தைக் குறித்த காலத்தில் முடிக்க இயலாது என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பதினேழு ஆண்டு கழித்து வில்சன் கையாலேயே மருந்துக்குக் கட்டணம் திரும்பி வரும். அந்த இடத்துக்கு வருவோம்.

வில்சனின் பாதுகாப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியக் கடற்கரைகளில் படை இறங்கும்போது உடன் இருந்தவர். புத்திசாலி, முரட்டுப் பேச்சுக்காரர். 1964 விலைவாசிக் கணக்கில் ஆண்டுக்கு 200 கோடி பவுண்டு, அதற்கு மேல் ஒரு பென்னி கிடையாது என்ற வரம்பு அவர் துறைக்கு விதிக்கப்பட்டது. 1969–70-க்குள் அந்த வரம்புக்குள் வந்தாக வேண்டும்.

ஹீலி வெட்டத் தொடங்கினார். டிஎஸ்ஆர்-2 என்ற உள்நாட்டுப் போர் விமானத் திட்டம் 1965 ஏப்ரலில் போனது. அடுத்த பிப்ரவரியில் கடற்படை பெரிதும் நம்பியிருந்த புதிய விமானந்தாங்கிக் கப்பல் போனது. கப்பல் இல்லாவிட்டால் என்ன, அமெரிக்காவிடம் 50 எஃப்-111 விமானம் வாங்கி இந்தியப் பெருங்கடல் தீவுகளிலிருந்து பறக்கவிடலாம் என்றார்கள். அந்தத் தீவுத் திட்டத்தில் டியேகோ கார்சியா மக்களுக்கு நேர்ந்த கொடுமையைத் தனி இதழாகவே எழுத வேண்டும். இங்கே இரண்டு வரியில் சொல்லிக் கடக்க மனம் ஒப்பவில்லை.

கப்பல் திட்டம் ரத்தான அன்று கடற்படை அமைச்சர் கிறிஸ்டோபர் மேஹியூ பதவி விலகினார். கடற்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் டேவிட் லூஸும் விலகினார். கப்பல் போனதே என்ற ஆத்திரம் என்று அந்த விலகலைப் பலர் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். மேஹியூ நாடாளுமன்றத்தில் வைத்த வாதத்தைப் படித்தால் அது எவ்வளவு ஆழமானது என்று தெரியும். அவர் கேட்டதன் சாரம் இது: சூயசுக்குக் கிழக்கே இருக்கப் போகிறோம் என்றால் 200 கோடி போதாது. இருக்கப் போவதில்லை என்றால் 200 கோடி மிக அதிகம். இரண்டில் ஒன்றை முடிவு செய்யாமல் நடுவில் ஒரு தொகையை வைத்தால், குறைந்த ஆயுதத்தோடு நிறைந்த வேலைக்கு நம் பிள்ளைகளை அனுப்புகிறோம் என்று பொருள்.

அந்தக் காலத்து வாதங்கள் அத்தனையிலும் நேர்மையான வாதம் இதுவே என்று நான் நினைக்கிறேன். செலவைக் குறைக்கும் அரசு கொடுத்த வாக்கையும் அதே நாளில் குறைக்க வேண்டும். வாக்கை அப்படியே வைத்துக்கொண்டு கப்பலை மட்டும் வெட்டினால், நம்பியிருக்கும் கூட்டாளியும் ஏமாறுகிறான், காவலுக்கு நிற்கும் சிப்பாயும் ஏமாறுகிறான்.

இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. சிங்கப்பூரே உதாரணம்.

முதல் உலகப் போர் முடிந்ததும், பத்தாண்டுக்குப் பெரிய போர் வராது என்று வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுங்கள் என 1919-ல் பிரிட்டிஷ் அரசு தன் ராணுவத்துக்கு உத்தரவிட்டது. அந்த விதி 1932 வரை நீடித்தது. அதே காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் ஒரு வாக்கு கொடுத்திருந்தார்கள். ஜப்பான் வந்தால் எங்கள் முதன்மைக் கடற்படை சிங்கப்பூருக்கு வரும், அதற்காக அங்கே பெரிய தளம் கட்டுகிறோம் என்று. 1924-ல் மெக்டொனால்டு அரசு பணத்தைக் காரணம் காட்டியும் சமாதானத்தைக் காரணம் காட்டியும் வேலையை நிறுத்தியது. அடுத்து வந்த பால்ட்வின் மறுபடி தொடங்கினார். 1929-ல் மறுபடி வேகம் குறைந்தது. இப்படி இழுத்து இழுத்து, ஆறாம் ஜார்ஜ் உலர்துறையோடு செம்பவாங் கடற்படைத் தளம் 1938 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. தளம் வந்தது. நிறுத்துவதற்குக் கடற்படை வரவில்லை. 1941 டிசம்பரில் வந்து சேர்ந்த இரண்டு பெரும் கப்பல்களான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸையும் ரிபல்ஸையும் 10-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மலாயாவின் கிழக்குக் கடலில் மூழ்கடித்தன. தளம் திறந்து நான்கு ஆண்டும் ஒரு நாளும் ஆன 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. அதற்குப் பிறகு சயாம் மரண ரயில் பாதையில் நம் மலாயாத் தமிழர்கள் பட்ட பாட்டை நான்காவது இதழில் எழுதியிருக்கிறேன். லண்டனில் ஒரு பட்ஜெட் கோப்பில் விழுந்த வெட்டு எங்கே போய் முடிந்தது என்று பாருங்கள்.

1966-ல் பிரிட்டன் தன் வாக்கைக் காப்பாற்றவே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசிய அதிபர் சுகர்னோ நடத்திய ‘மோதல்’ 1963 முதல் 1966 வரை நீடித்தது. போர்னியோ காடுகளில் பிரிட்டிஷ், கூர்க்கா, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்கள் மலேசியப் படையோடு தோளோடு தோள் நின்றார்கள். உச்சத்தில் தென்கிழக்காசியாவில் 50,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் படையினர் இருந்தார்கள். சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் மெக்டொனால்டு ஹவுஸ் கட்டடத்தில் 1965 மார்ச் 10 அன்று குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அது போன்ற நாள்களில் கடற்கரையில் பிரிட்டிஷ் கப்பல் தெரிவது எவ்வளவு பெரிய தெம்பு என்று அந்தத் தலைமுறையைக் கேட்டால் சொல்வார்கள். 1966 ஆகஸ்ட் 11-இல் ஜகார்த்தாவில் சமாதானம் கையெழுத்தானது. வாக்கு காப்பாற்றப்பட்டது. அந்த வெற்றியே படையைக் குறைக்கவும் கதவு திறந்துவிட்டது. எதிரி போய்விட்டான், இனி எதற்கு 50,000 பேர் என்று நிதித்துறை கேட்டது.

எங்கே வெட்டுவது? ரைன் நதிக்கரையிலா, சிங்கப்பூரிலா? இந்த இடத்தில் ஒப்பந்தக் காகிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

1954 பாரிஸ் உடன்படிக்கையில் பிரிட்டன், ஐரோப்பியக் கண்டத்தில் நான்கு டிவிஷன்களையும் ஒரு விமானப்படைப் பிரிவையும், அல்லது அவற்றுக்கு ஈடான போர்வலிமையை, வைத்திருப்பதாக எழுத்தில் ஒப்புக்கொண்டது. பிரஸ்ஸல்ஸ் ஒப்பந்த நாடுகளில் பெரும்பான்மை விரும்பாவிட்டால் எடுக்கக் கூடாது. அந்நியச் செலாவணி தாங்க முடியாத சுமையானால் என்ன செய்வது என்பதற்கும் வழி எழுதியிருந்தது. நேட்டோ சபையில் போய் மறுபரிசீலனை கேட்கலாம். அப்படிக் கேட்டே 1957–58-ல் ரைன் படையை 77,000-லிருந்து 55,000-ஆகக் குறைக்க ஒப்புதல் வாங்கினார்கள். எண்ணிக்கை இருந்தது, குறைக்கும் முறை இருந்தது, கேட்க வேண்டிய சபை இருந்தது. ஜெர்மானியர்களோடும் அமெரிக்கர்களோடும் 1966-லும் 1967-லும் மாதக்கணக்கில் பேரம் நடத்தித்தான் ஒரே ஒரு பிரிகேடை ஊருக்குக் கொண்டுவர முடிந்தது.

மலேசிய ஒப்பந்தத்தில் வெளித்தாக்குதல் வந்தால் உதவுவோம் என்று இருந்தது. எத்தனை பேர் என்று இல்லை. தளம் வைத்துக்கொள்ளும் உரிமை பிரிட்டனுக்கு இருந்தது, வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வளைகுடா ஒப்பந்தங்களோ விக்டோரியா காலத்துக் காகிதங்கள். அவற்றிலும் படை எண்ணிக்கை கிடையாது. வெட்டு எங்கே விழும் என்பதற்கு வேறு ஜோசியம் தேவையில்லை. 1967 ஜூலை வெள்ளை அறிக்கை சொன்னது: சிங்கப்பூர்–மலேசியப் படையில் பாதி 1970–71-க்குள் குறையும், எழுபதுகளின் நடுவில் தளங்களை முழுதாக விடுவோம்.

பத்தாண்டுகூட இல்லை, ஏழெட்டு ஆண்டு. ஆனாலும் திட்டம் போடப் போதும் என்று சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ மனதைத் தேற்றிக்கொண்டார். அந்த நிம்மதி நான்கே மாதம் நிலைத்தது.

1967 நவம்பர் 18, சனிக்கிழமை இரவு. பவுண்டின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைக்கப்பட்டது. வெளிநாட்டில் படை வைத்திருக்கும் நாட்டுக்கு இது என்ன செய்யும்? சிங்கப்பூர் தன் புதிய வெள்ளியின் மதிப்பைப் பவுண்டோடு சேர்த்து இறக்கவில்லை. தளத்தில் மாதம் 300 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை வரை அவர் சம்பளம் பிரிட்டிஷ் அரசுக்கு 35 பவுண்டு. திங்கட்கிழமை அதே 300 வெள்ளிக்கு ஏறக்குறைய 41 பவுண்டு. அவருக்கு ஒரு காசு கூடவில்லை. இப்படிப் பல்லாயிரம் பேர். இதைப் போலவே ஜெர்மனியில் மார்க்கில் கொடுப்பதும் ஏறியது. செலாவணியைக் காப்பாற்றத்தான் மதிப்பைக் குறைத்தார்கள். அந்தக் குறைப்பே வெளிநாட்டுத் தளங்களைக் கட்டுபடியாகாததாக்கிவிட்டது.

நிதியமைச்சர் காலகன் விலகி ராய் ஜென்கின்ஸ் வந்தார். 70 கோடி பவுண்டுக்குச் செலவு வெட்ட வேண்டும் என்றார். 1968 ஜனவரி 4 முதல் 15 வரை பிரிட்டிஷ் அமைச்சரவை எட்டு முறை கூடியது.

அந்தக் கூட்டங்களின் நிகழ்ச்சிக் குறிப்புகள் இன்று எல்லோரும் படிக்கும்படி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரே மேஜையில் எவையெல்லாம் வந்தன என்று பார்த்தால் நெஞ்சு கனக்கும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் இலவசப் பால் நின்றது. பள்ளியை விட்டு விலகும் வயதை 16-ஆக உயர்த்துவது 1971-லிருந்து 1973-க்குத் தள்ளிப்போனது. ஏழைப் பிள்ளைகளை வஞ்சிக்கிறோம் என்று லாங்ஃபோர்டு பிரபு அமைச்சரவையை விட்டு விலகினார். மருந்துச் சீட்டுக் கட்டணம் திரும்பி வந்தது. 1951-ல் எதற்காக வில்சன் பதவியை விட்டாரோ, 1965-ல் பிரதமராக எதை அவரே ஒழித்தாரோ, அதே வகைக் கட்டணம். ஒரு மருந்துக்கு இரண்டரை ஷில்லிங். தொழிற்கட்சி எம்.பி.க்களை இதற்குச் சம்மதிக்க வைக்க வேண்டுமானால் பீரங்கியும் விமானமும் கண்ணுக்குத் தெரியும்படி வெட்டப்பட வேண்டும் என்று ஜென்கின்ஸ் வாதிட்டார். மருந்துக்குக் காசு வாங்கிக்கொண்டு சிங்கப்பூரில் படை வைத்திருக்க எந்தத் தொழிலாளி வாக்களிப்பான்?

ஹீலி எதிர்த்தார். வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் பிரவுனும் எதிர்த்தார். தோற்றார்கள். எஃப்-111 விமானமும் போனது. கப்பலை வெட்டியபோது விமானம் வரும் என்றார்கள். இப்போது விமானமும் இல்லை. மேஹியூ இரண்டாண்டு முன்பே சொன்ன இடத்துக்கு அமைச்சரவை வந்து சேர்ந்துவிட்டது.

ஜனவரி 11-இல் பிரவுன் வாஷிங்டன் போனார். வியட்நாமில் மாட்டிக்கொண்டிருந்த அமெரிக்காவுக்கு இதைவிடக் கெட்ட செய்தி இருக்க முடியாது. வில்சன் வியட்நாமுக்குப் படை அனுப்ப மறுத்தபோதும், ஆசியாவில் பிரிட்டன் நிற்கிறதே என்று அவர்கள் பொறுத்திருந்தார்கள். பவுண்டுக்குக் கைகொடுத்தும் இருந்தார்கள். வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்க் கொதித்துப்போனார். பிரிட்டன் பிரிட்டனாக நடந்துகொள்ளக் கூடாதா என்று கேட்டார். பிரவுனிடம் பதில் இல்லை.

காமன்வெல்த் அமைச்சர் ஜார்ஜ் தாம்சன் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கான்பராவுக்கும் செய்தி சொல்லப் போனார். 1971 மார்ச்சோடு முடித்துக்கொள்கிறோம் என்பது செய்தி. லீ குவான் யூ விமானம் ஏறினார். அது பொங்கல் வாரம். ஞாயிற்றுக்கிழமை இரவு பிரதமரின் கிராமத்து மாளிகையான செக்கர்ஸில் வில்சனைச் சந்தித்தார். கெஞ்சினார், மிரட்டினார், லண்டனில் வைத்திருக்கும் சிங்கப்பூரின் பவுண்டு கையிருப்பை எடுத்துவிட நேரும் என்றும் உணர்த்தினார். 1968 ஜனவரி 16, செவ்வாய்க்கிழமை வில்சன் நாடாளுமன்றத்தில் தேதியை அறிவித்தார். 1971 டிசம்பர் இறுதி. லீயின் பயணம் வாங்கித் தந்தது ஒன்பது மாதம்.

ஒன்பது மாதம் என்பது சிறிதாகத் தோன்றலாம். சிங்கப்பூரின் நிலையை நினைத்தால் அப்படித் தோன்றாது. 1965 ஆகஸ்ட் 9-இல் தனி நாடானபோது அதற்கு இருந்தது இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் அதன் முதல் வெளியுறவு அமைச்சர். உலகத்தின் நட்பைத் தேடி அலைந்த அவர் கையில் பின்பலமாகக் காட்டப் பிரிட்டிஷ் தளம் ஒன்றே இருந்தது. காவல் மட்டுமில்லை, சோறும் அதுவே. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் ராணுவச் செலவிலிருந்து வந்தது. நேரடியாக 30,000 பேர் தளங்களில் வேலை பார்த்தார்கள். அதிகாரிகளின் வீட்டில் சமைத்தும் துவைத்தும் தோட்டம் பார்த்தும் பிழைத்தவர்கள் இன்னும் 10,000 பேர்.

செம்பவாங்கில் அவர்களில் பலர் நம்மவர்கள். மலையாளிகள் அதிகம், தமிழர்களும் கணிசம். ‘நேவல் பேஸ்’ என்றுதான் சொல்வார்கள். கான்பரா சாலை, வெலிங்டன் சாலை, மால்டா, ஜிப்ரால்டர் என்று பேரரசின் ஊர்களெல்லாம் அங்கே தெருப் பெயர்கள். காலையில் சங்கு ஊதினால் டாக்யார்டுக்குள் நுழையும் கூட்டம். கான்பரா சாலைப் பக்கம் ஒரு மரத்தடியில் தளத் தொழிலாளர்கள் முருகனை வைத்துக் கும்பிடத் தொடங்கினார்கள். அதுவே புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். 1967 முதல் அந்த ஆலயத்தில் பங்குனி உத்திரம் நடக்கிறது. அந்த முதல் உத்திரத்தில் காவடி எடுத்தவர்கள் பத்து மாதம் கழித்து வில்சனின் அறிவிப்பை வானொலியில் கேட்டிருப்பார்கள். தளம் போனால் வேலை போகும். வேலை போனால் குவாட்டர்ஸ் போகும். குடியுரிமை இல்லாதவர்களுக்கு நாட்டில் இருக்கும் உரிமையும் கேள்விக்குறி. பணிக்கொடையை வாங்கிக்கொண்டு பலர் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். ராணுவச் செலவைப் பற்றிய வரலாறுகளில் இவர்களுக்கு ஒரு பத்தி கிடைப்பதே அரிது. வெள்ளை அறிக்கைகளில் இவர்கள் ‘உள்ளூர்ப் பணியாளர்’ என்ற தலைப்பின் கீழ் ஓர் எண்.

சிங்கப்பூர் அழுதுகொண்டு நிற்கவில்லை. 1967-லேயே கட்டாய ராணுவச் சேவை வந்துவிட்டது. அமைச்சர் கோ கெங் சுவீ இஸ்ரேலிய ஆலோசகர்களை வைத்துப் படை கட்டினார். தளங்களைத் தொழிலாக மாற்றவே ஓர் அரசுத் துறை அமைத்தார்கள். 1968 டிசம்பரில் செம்பவாங் டாக்யார்டு ஒரே ஒரு வெள்ளி விலைக்குக் கைமாறியது. போர்க்கப்பல் பழுது பார்த்த கைகள் எண்ணெய்க் கப்பல் பழுது பார்க்கத் தொடங்கின. பிரிட்டன் 5 கோடி பவுண்டு உதவியும் தந்தது, பெரும்பகுதி கடனாக. தெங்கா விமானத்தளம் சிங்கப்பூர் விமானப்படைக்குப் போனது. சாங்கி பின்னாளில் உலகமறிந்த விமான நிலையமானது. பிளாக்காங் மாத்தி என்ற பீரங்கித் தீவு செந்தோசாவானது. அந்த மூன்று ஆண்டு, பதினொரு மாத அவகாசத்தை ஒரு நாள்கூட வீணாக்காத மக்களை நான் மனதாரப் போற்றுகிறேன்.

வளைகுடாவில் நடந்தது கசப்பு. அங்கே படை வைத்திருக்க ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம் பவுண்டுதான் செலவு. அந்தப் பணத்தை நாங்களே தருகிறோம், போகாதீர்கள் என்று அபுதாபியின் ஷேக் சாயித் முன்வந்தார். துபாயின் ஷேக் ரஷீதும் சேர்ந்துகொண்டார். ஹீலி தொலைக்காட்சியில், அரபு ஷேக்குகளுக்கு ஆள் விற்கும் தரகனாக நான் தயாரில்லை என்ற தொனியில் பேசினார். பின்னர் அதற்காக வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. பணம் பெற்றுக் காவல் காக்க மறுப்பது ஒரு நாட்டின் உரிமை. ஜெர்மனியிடம் ரைன் படைச் செலவுக்கு ஈட்டுத்தொகை கேட்டு ஆண்டுதோறும் பேரம் பேசிய அதே அரசு, அரபியர் தாமாகக் கொடுத்தபோது அதை அவமானமாகப் பேசியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1971 நவம்பர் 30-இல் அபு மூசா தீவிலும் தும்பு தீவுகளிலும் ஈரானியப் படை இறங்கியது. டிசம்பர் 2-இல் ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தது. அந்தத் தீவுகளுக்கான வழக்கு இன்றும் தீரவில்லை.

இடையில் 1970 ஜூனில் ஹீத் தலைமையில் பழமைவாதக் கட்சி வந்தது. வெளியேற்றத்தைத் திருப்புவோம் என்று சொல்லி வந்தவர்கள், ஒரு சிறு படையை மட்டும் விட்டுவைத்தார்கள். 1971 ஏப்ரலில் லண்டனில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் ஐந்தும் உட்கார்ந்து புது ஏற்பாடு செய்தன. பழைய ஒப்பந்தத்தில் ‘உதவுவோம்’ என்று இருந்தது. ஐந்து நாட்டு ஏற்பாட்டில் தாக்குதல் வந்தால் உடனே ‘கலந்தாலோசிப்போம்’ என்று மட்டும் எழுதினார்கள்.

இது நழுவல் என்று அப்போதே பலர் சொன்னார்கள். என் தீர்ப்பு வேறு. 1971-ல் பிரிட்டனால் செய்ய முடிந்தது கலந்தாலோசிப்பது மட்டுமே, அதையே காகிதத்தில் எழுதினார்கள். 1966-லேயே இப்படி எழுதியிருந்தால் சிங்கப்பூருக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகக் கிடைத்திருக்கும். கோரன்வி ராபர்ட்ஸ் நவம்பரில் ஒரு வாக்கும் ஜனவரியில் ஒரு வாக்கும் சொல்ல வேண்டியிருந்திருக்காது. வெளியேறியதற்காகப் பிரிட்டனைக் குறை சொல்ல மாட்டேன். தன் பிள்ளைகளின் பாலையும் மருந்தையும் வெட்டிவிட்டு ஒரு நாடு அயலாரைக் காக்க முடியாது. முடியாது என்று தெரிந்த பின்னும் முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த இரண்டு ஆண்டுக்குத்தான் பிரிட்டன் பதில் சொல்ல வேண்டும்.

1971 அக்டோபர் 31 அன்று பிரிட்டனின் தூரக்கிழக்குத் தலைமையகம் மூடப்பட்டது. நவம்பர் 1-இல் ஐந்து நாட்டு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இன்றும் இருக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ தாத்தாவோ செம்பவாங்கிலோ, செலத்தாரிலோ, சாங்கியிலோ, திருகோணமலையிலோ பிரிட்டிஷ் தளத்தில் வேலை பார்த்திருந்தால், அவருடைய பணி அட்டை, பணிக்கொடைக் காகிதம், ஒரு பழைய புகைப்படம் வீட்டில் இருக்கலாம். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விவரம் தெரிந்த பெரியவர் இன்னும் இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து எந்த ஆண்டு சேர்ந்தார், என்ன வேலை, எப்போது நிறுத்தினார்கள், கையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.